சுற்றேடு
(முன்னாள் மாணவர், இளங்கலை வரலாறு, 1980–83)

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ‘ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்’ என்று ஒரு தலைப்பைச் சொல்லி வைத்தேன். வரலாறு படித்தவனுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். கிடங்கில் என்பது திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஊரும் நம்முடையது, மன்னனும் நம்மவன். எழுதிவிடலாம் என்று பழைய குறிப்புகளைத் தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தேன். கைக்கு வந்தது குறிப்பன்று, ஒரு நோட்டு. நல்லியக்கோடன் இன்னும் ஓராண்டு பொறுத்துக் கொள்ளட்டும். அவன் இரண்டாயிரம் ஆண்டு பொறுத்தவன். இந்த நோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது.

இருநூறு பக்க நீள நோட்டு. பழுப்புத் தாள் அட்டை. மேலே ‘சுற்றேடு’ என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். எழுதியவர் கும்பகோணத்து அக்கா. உள்ளே ஐந்து பேருடைய கையெழுத்து. இவ்வைவருள் எவரும் எவரையும் நேரில் கண்டதில்லை என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் வியக்க மாட்டார்கள். முகம் காணாத நண்பர் இருநூறு பேர் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறார்கள். எங்களுக்கோ ஐவர் சேர்வதற்கே ஓராண்டு பிடித்தது. சேர்த்து வைத்தது இலங்கை வானொலி.

1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவைச் சாத்தினார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1950இல், கொழும்பில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. இங்கே சாத்திய கதவுக்கு அங்கே திறந்த கதவு என்றாயிற்று. 1957இல் விவித் பாரதி வந்தது. எனினும் எங்கள் கடற்கரைப் பக்கத்து மக்கள் கொழும்பை விடவில்லை. எஸ்.பி.மயில்வாகனத்தின் குரலை எங்கள் பெரியவர்கள் பேசுவார்கள். எங்கள் காலத்தில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம். 1972 முதல் அதன் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். ‘கூட்டுத்தாபனம்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமலே அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் உப்பளத்தில் இருந்தார்கள்.

உப்பளம் என்றதும் வெள்ளை வெளேரென்ற படம்தான் உங்கள் மனத்தில் தோன்றும். எங்களுக்கு உப்பளம் என்பது இருட்டு. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கண் கூசும், கால் வேகும். ஆகவே விடியுமுன் நான்கு மணிக்கெல்லாம் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, காயவிட்டு, அடுத்ததில் பாய்ச்சி, அடுத்ததில் பாய்ச்சி, கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். இருபத்தைந்தை நெருங்கும்போது உப்புப் பூக்கும். பிறகு நீண்ட கழியில் கோத்த பலகையால் வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். தை மாதம் பாத்தி மிதித்துச் சமன் செய்வதில் தொடங்கும் வேலை, ஐப்பசி மழை விழுந்ததும் நின்று போகும். மழைக் காலத்தில் உப்பும் இல்லை, கூலியும் இல்லை. உப்பளத்தான் உள்ளங்கால் சிதையிலும் வேகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் நைனாவின் கால் அப்படிப்பட்ட கால்.

நைனா சீட்டுப் பணம் எடுத்து ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். தோல் உறை போட்டது. அந்நாளில் வானொலிக்கு உரிமம் உண்டு. ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் அஞ்சலகத்தில் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற்று வருவது என் வேலை. 1980களின் நடுவில் அது ஒழிந்தது. உரிமத்தைவிடப் பெரிய செலவு பேட்டரிக் கட்டை. தீர்ந்த கட்டையை உப்பு அம்பாரத்தின் மேல் வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு நாள் பாடும். ஆனால் உப்புக் காற்றில் கட்டை முனை பச்சை பூத்துவிடும். எலுமிச்சம் பழத் தோலால் தேய்ப்பேன். பனைமரத்தில் செம்புக் கம்பி கட்டி ஏரியல். சென்னை வானொலி ஒருபுறம் இரைந்து கொண்டிருக்க, கொழும்பு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் தெளிவாக வரும். கடல்நீரின் மேல் மத்திய அலை குறைவான இழப்போடு நெடுந்தூரம் பரவும் என்று நம் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் பின்னாளில் விளக்கினார். அதுவரை எங்கள் கம்பியின் பெருமை என்றே நான் நம்பியிருந்தேன்.

நைனாவுக்குப் பாட்டு வேண்டும். பாடியவர் பெயர் வேண்டாம். எனக்கோ பெயர்தான் வேண்டும். படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வைப்பேன். டூரிங் கொட்டகையில் விற்கும் பாட்டுப் புத்தகங்களோடு ஒத்துப் பார்ப்பேன்.

“பாடுனவன் பேரு தெரிஞ்சிக்கினா உப்பு வெளையுமாடா?” என்பார் நைனா.

ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் அவர் பெயரிலேயே விருப்பக் கார்டு ஒன்று எழுதிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில், “மரக்காணம், உப்பளம்” என்று தொடங்கி அறிவிப்பாளர் அவர் பெயரை வாசித்தார். நைனா வாரு பலகையோடு பாத்தி நடுவில் நின்றுவிட்டார். பக்கத்துப் பாத்தியிலிருந்து யாரோ சிரித்தார்கள். அன்று முழுவதும் அவர் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது, “பேரு சரியா சொன்னாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

பெயர் வாசித்ததால் விளைந்தது அதோடு நிற்கவில்லை. அதே பாட்டை விரும்பியவர் பட்டியலில், “வேதாரண்யம், உப்பளம்” என்று இன்னொரு பெயரும் வந்தது. கொழும்புக்குப் போய்த்தான் இரண்டு உப்பளத்துக்காரர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டியிருந்தது! முகவரி தெரியாது. பெயரை எழுதி, கீழே ‘உப்பளம், வேதாரண்யம்’ என்று மட்டும் போட்டுப் பதினைந்து காசுக் கார்டு ஒன்றை அனுப்பினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. “தம்பி, 1930இல் ராஜாஜி உப்பெடுத்த ஊரில் இன்று நாங்கள் கூலிக்கு உப்பெடுக்கிறோம்” என்று தொடங்கிய அந்தக் கடிதத்திலிருந்து அவர் எனக்கு அண்ணன் ஆனார்.

மற்ற மூவரும் அவ்வாறே வந்தவர்கள். சிலர் வார இதழ்களின் பேனா நண்பர் பகுதி வழியாக. கும்பகோணத்து அக்கா பள்ளி ஆசிரியை. அவருடைய தந்தையார் 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாராவாரம் கிழித்து, மணியத்தின் படங்களோடு கட்டடம் செய்து வைத்திருந்தார். அக்காவுக்கு அது வேதம். சாத்தூர் தம்பி எங்களில் இளையவன், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் குடும்பம். 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்சை முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ தொட்டு ஒன்று விடாமல் சேர்த்தவன். ஐந்தாமவர் ஆனையிறவு அண்ணை. அவரும் உப்பளத்துக்காரரே, அங்குள்ள பெரிய உப்பளத்தில் எழுதுவினைஞர். அவர்கள் விளைவித்த உப்பு அருகிலிருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குப் போய் எரிசோடாவும் குளோரினும் ஆகும் என்று எழுதியிருந்தார். எங்கள் உப்பு குழம்புக்கும் கருவாட்டுக்கும் போகிறது என்று நான் பெருமையாகப் பதில் எழுதினேன்.

ஐவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினால் கார்டுக் காசுக்கே கட்டுப்படியாகவில்லை. ஒரே நோட்டில் எல்லாரும் எழுதிச் சுற்றுக்கு விடலாம் என்ற யோசனை அக்காவுடையது. 1980ஆம் ஆண்டு இறுதியில் ஏடு புறப்பட்டது. ஆனையிறவு, வேதாரண்யம், கும்பகோணம், சாத்தூர், மரக்காணம், மீண்டும் ஆனையிறவு. ஒருவர் கையில் பத்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அதில் எழுத வேண்டியவை இரண்டு: வீட்டில் நடந்தது, தனக்குப் பிடித்தது. கடல் கடந்து அனுப்பச் செலவு அதிகம். அது என் முறையில் விழுந்தது. ஆகவே மற்ற மூவரும் ஏட்டுக்குள் தபால் தலைகளை வைத்து அனுப்புவார்கள்.

இன்று அதைப் புரட்டிப் பார்த்தால், நாங்கள் பெரிய செய்தி என்று எண்ணியவை எவையும் சுவைக்கவில்லை. தேர்தல் முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், யாருக்கு வேண்டும்? சாத்தூர் தம்பி தன் தங்கையின் விரல்களில் தீப்பெட்டிப் பசை காய்ந்து உரிவதை நான்கு வரியில் எழுதியிருக்கிறான், அது நிற்கிறது. அக்காவின் பள்ளியில் மதிய உணவுக்கு வரிசையில் நின்ற ஒரு பையன், தட்டு இல்லாமல் சிலேட்டை நீட்டினானாம். வேதாரண்யத்து அண்ணன் வீட்டுப் பசு மாடு காணாமற்போய், ஏடு ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் கன்றோடு திரும்பியது. அந்தச் சுற்றில் மற்ற நால்வரும் பசுவுக்கு வாழ்த்து எழுதியிருக்கிறோம்.

சண்டையும் உண்டு. மென்மையான குரல் ஒன்றைக் கேட்டு நான் ஏ.எம்.ராஜா என்பேன், ஆனையிறவு அண்ணை அதன் ஓரத்திலேயே, “இல்லைத் தம்பி, பி.பி.ஸ்ரீநிவாஸ். வடிவாய்க் கேளும்” என்று பச்சை மையில் எழுதுவார். பெரும்பாலும் அவரே சரி. வந்தியத்தேவன் உசத்தியா, இரும்புக்கை மாயாவி உசத்தியா என்று அக்காவும் தம்பியும் மூன்று சுற்று வாதாடினார்கள். மாயாவி மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். வந்தியத்தேவன் மின்சாரம் இல்லாத காலத்திலேயே மறைவான் என்று அக்கா எழுதியதோடு அந்த வழக்கு முடிந்தது.

1981 ஜூன் மாதத்துச் சுற்று மட்டும் வேறு. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலான செய்தியை நாங்கள் நாளிதழில் படித்திருந்தோம். ஏடு வந்தபோது அண்ணையின் பக்கத்தில் ஒரே வரி: “நூலகம் எரிந்து போயிற்று. இம்முறை பாட்டு எழுத மனமில்லை.” மீதிப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். நாங்கள் நால்வரும் அந்த வெற்றிடத்தில் எதுவும் எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனோம். அப்படி ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்யவில்லை.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1983 பங்குனியில் அண்ணைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினான்காம் சுற்றின் தொடக்கத்தில், அதுவரை இல்லாத வழக்கமாகப் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார். பச்சை மை தீர்ந்துவிட்டதாம். “பிள்ளைக்கு வீட்டில் பேர் வைச்சாச்சு. ஆனாலும் நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பேர் இதிலே எழுதுங்கோ. நோட்டு நிறையப் போகுது. திரும்பி வந்ததும் நான் எடுத்து வைச்சு, அவள் வளர்ந்தாப் பிறகு காட்டுவன். இத்தனை மாமாமாரும் ஒரு மாமியும் உனக்குப் பேர் வைச்சவை என்று சொல்லுவன்.” அடியில் நான்கு கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் ஊர்ப் பெயர்.

வேதாரண்யத்து அண்ணன் தம் ஊர் அம்மன் பெயரை எழுதினார்: வேதநாயகி. கும்பகோணத்து அக்கா, கேட்கவே வேண்டாம், குந்தவை. சாத்தூர் தம்பி மாயாவியிலிருந்து ஒரு பெயரைப் பிடித்திருந்தான்: மாயா.

ஜூன் மாத நடுவில் ஏடு என் கைக்கு வந்தது. இறுதியாண்டுத் தேர்வு முடிந்து நான் வீட்டில் இருந்தேன். உப்பு வாரும் காலம்தான். எனினும் பத்து நாளில் எழுதி அனுப்ப நேரமில்லை என்று சொல்வது பொய். அனுப்பாததற்குக் காரணம் வேறு. ஏடு நிறையப் போகிறதல்லவா? கடைசிச் சுற்றில் எல்லாரும் வியக்கும்படி ஏதேனும் எழுத ஆசைப்பட்டேன். ஏ.எம்.ராஜா பாடிய பாட்டுகளில் நூறு, ஐந்து கட்டப் பட்டியலாக! ‘சம்சாரம்’, ‘மிஸ்ஸியம்மா’, ‘கல்யாணப் பரிசு’, ‘தேன் நிலவு’ என்று நினைவிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் சேர்த்து, நல்ல ஊற்றுப் பேனாவில், நீல மையில், கோடு போட்டு எழுதினேன். ஸ்ரீநிவாஸ் என்று ஆனையிறவு அண்ணை அடித்துச் சொன்னவற்றையெல்லாம் விலக்கினேன். தொண்ணூற்றெட்டு வந்தது. இரண்டு குறைந்தது.

தொண்ணூற்றெட்டை அனுப்பியிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் இரசிகனுடைய புத்தி அப்படி வேலை செய்வதில்லை. இந்த ஞாயிறு பழைய பாட்டு நிகழ்ச்சியில் கிடைத்துவிடும், அடுத்த ஞாயிறு கிடைத்துவிடும் என்று வானொலிக்கு முன் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். ஜூன் போயிற்று. ஜூலையில் மூன்று ஞாயிறு போயிற்று. பெயர் எழுத வேண்டிய கோட்டையும் கடைசியில் எழுதிக் கொள்ளலாம் என்று விட்டு வைத்தேன். உண்மையில் ஒரு நல்ல பெயரும் தோன்றவில்லை.

ஜூலை 24க்குப் பிறகு நடந்தவற்றை வரலாற்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். நான் விவரிக்கப் போவதில்லை. இரவு ஒன்பதே கால் வாக்கில் பிபிசி தமிழோசையின் செய்தியை நைனாவும் நானும் அம்பாரத்து நிழலில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டோம். ஏன் குறைத்து வைத்தோம் என்று இன்றும் தெரியவில்லை; சுற்றிலும் உப்பைத் தவிர ஒருவரும் இல்லை. ஆகஸ்டு 2ஆம் நாள் தமிழ்நாடெங்கும் கடையடைப்பு. பேருந்து இல்லை, தபால் இல்லை, எங்கள் அளத்திலும் வேலை இல்லை. மறுநாள் அண்ணைக்கு ஒரு கடிதம் எழுதினேன். செப்டம்பரில் இன்னொன்று. பதில் இல்லை.

கும்பகோணத்து அக்காவிடமிருந்து கார்டு வந்தது. “ஏடு எங்கே? உன்னிடமா, அவரிடமா?”

‘என்னிடம்தான் இருக்கிறது, நூறு பாட்டுக்காக நிறுத்தி வைத்தேன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அனுப்பிவிட்டேன் என்று எழுதினேன். ஜூலை 15ஆம் நாள் அனுப்பியதாகத் தேதியும் போட்டேன். வேதாரண்யத்துக்கும் சாத்தூருக்கும் அதே பொய்யை மூன்றே வரியில் எழுதி, மூன்று கார்டுகளையும் ஒரே தடவையில் தபால் பெட்டியில் போட்டேன். அவர்கள் நம்பினார்கள். ஏடு கலவரத்தில் சிக்கி அழிந்தது என்று முடிவு கட்டினார்கள். அக்கா பதில் எழுதினார்: “போகட்டும். அவர் கையில் சேர்ந்து, பெயர்களைப் பார்த்த பிறகு போயிருந்தால் சரி.”

அந்த வரிக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாயிற்று. வேறொரு நோட்டுப் போடலாம் என்று தம்பி ஒருமுறை எழுதினான். நான் ஆர்வம் காட்டவில்லை. கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று, பொங்கல் வாழ்த்து என்று இளைத்தன. நான் உப்பளக் கணக்கு எழுதும் வேலைக்குப் போய் அதிலேயே ஓய்வும் பெற்றேன். 1989இல் வள்ளியூர் இரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் ஏ.எம்.ராஜா இறந்தார். அதே ஆண்டில் கே.எஸ்.ராஜா கொல்லப்பட்டார். 1990இல் போர் மூண்டு ஆனையிறவு உப்பளம் நின்றது. 1991இலும் 2000இலும் 2009இலும் ஆனையிறவு என்ற பெயர் செய்தியில் வரும்போதெல்லாம், போர்முனையின் பெயராகவே வந்தது. எனக்கு அது ‘பிள்ளைக்கு ஒரு பேர் எழுதுங்கோ’ என்று கேட்ட இடம்.

கும்பகோணத்து அக்கா 2009இல் காலமானார். அவர் மகன் அனுப்பிய கருமாதிப் பத்திரிகையின் பின்புறத்தில், “அம்மா உங்கள் நோட்டைப் பற்றி எங்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தது. பத்திரிகையை மடித்து ஏட்டுக்குள்ளேயே வைத்தேன். சாத்தூர் தம்பி திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி, முகவரி தவறிவிட்டது.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. 2011இல் தானே புயல் காற்றால் அடித்தது. இது தண்ணீரால் அடித்தது. எங்கள் ஊர் உப்பளங்கள் எங்கே, ஏரி எங்கே என்று தெரியாதபடி ஒரே நீர்க்காடு. வீட்டுக்குள் முழங்கால் அளவு. கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியில் நீர் புகுந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.

ஏட்டைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் காயவைத்தேன். ஊற்றுப் பேனா எழுத்துகளெல்லாம் கரைந்து நீலப் புகையாகப் படிந்திருந்தன. என் தொண்ணூற்றெட்டுப் பாட்டும் போயிற்று. கோடுகள் மட்டும் பென்சிலில் போட்டவை, அவை நிற்கின்றன. ஐந்து கட்டங்கள், உள்ளே ஒன்றுமில்லை. அவரவர் மையில் எழுதிய வேதநாயகியும் குந்தவையும் அரைகுறையாகத் தெரிகின்றன. மாயா முழுதும் மறைந்துவிட்டது. (சாத்தூர் தம்பி அறிந்தால் மகிழ்வான்.) அண்ணை பால்பாயின்ட்டில் எழுதியது ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. உறையில் சேர்த்து வைத்திருந்த தபால் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன.

அன்று மாலை வேதாரண்யத்து அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். 2018இல் கஜா புயல் அவர்கள் அளத்தைப் புரட்டிப் போட்டபோது நான் அழைத்து நலம் விசாரித்திருந்தேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது, காது மந்தம். நான் விசாரிக்கிறேன் என்று நினைத்து அவர் என்னை விசாரித்தார். இடையில் மறித்து, ஏடு என்னிடம் இருக்கிறது என்றேன். எந்த ஏடு என்றார். சொன்னேன். அனுப்பவேயில்லை என்றும் சொன்னேன், உரத்த குரலில், இரண்டு தடவை. வாசலில் நீர் இறைத்துக் கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன்.

“மழையில நனைஞ்சிருக்குமே, காய வச்சியா?” என்றார் அண்ணன்.

“வச்சிருக்கேன்.”

“நேர் வெயில்ல போடாத. தாள் முறுகிப் போயிரும்” என்றார். பிறகு தம் பேரனின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நானும் பேசினேன். மன்னித்தாரா, மறந்துவிட்டாரா, அல்லது அவர் காதில் அது சரியாக விழவே இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அதன் பிறகு இருமுறை பேசியிருக்கிறோம்; அவரும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

2025 மார்ச்சு மாதத்தில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது என்ற செய்தியைப் படித்தேன். அங்கே மறுபடியும் யாரோ கணக்கு எழுதுகிறார்கள். யாரோ டிகிரி பார்க்கிறார்கள். அண்ணையின் பக்கத்தைப் படி எடுத்தேன். மங்கிய மூன்று பெயர்களையும் நான் கண்டபடி தெளிவாக மீண்டும் எழுதினேன். மரக்காணம் என்ற கோட்டுக்கு எதிரே எழுத வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். அவளுக்கே குழந்தைகள் இருக்கலாம். கடைசியில் ஒரு பெயரை எழுதினேன். அது என்ன பெயர் என்பது அவர்களுக்குச் சேர வேண்டியது, இங்கே எழுதவில்லை.

ஏப்ரல் மாதம் முதல் வாரத்தில் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். அஞ்சலகத்தில் இருந்த பெண், பெறுநரின் தொலைபேசி எண் வேண்டும் என்றாள். தெரியாது என்றேன். “தெரு, கதவு எண்ணாவது சொல்லுங்க, ஐயா.” அதுவும் தெரியாது என்றேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணையின் பெயரை எழுதி, அதன் கீழே ‘உப்பளம், ஆனையிறவு’ என்று மட்டும் போட்டிருந்தேன். 1980இல் வேதாரண்யத்துக்கு அப்படித்தான் எழுதினேன், எட்டாம் நாள் பதில் வந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

பதில் வரவில்லை. சேர்த்தவர் இல்லையென்றால் உறை திரும்பி வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். இதை எழுதும் இன்று வரை அது திரும்பியும் வரவில்லை.